மூச்சில் நுழையும் தூசி இதயத்தில் என்ன செய்கிறது?

என் வேலை செல்களை வளர்ப்பது. மனித இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து எடுத்த செல்களையும் இதயத் தசைச் செல்களையும் பிளாஸ்டிக் தட்டுகளில், 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில் வைத்துப் பராமரிக்கிறேன். இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவத்தை முறையாக மாற்றுகிறேன். செல்கள் பெருகித் தட்டை நிரப்பிய பிறகு, அவற்றில் ஒரு பகுதியின் மேல் நகரக் காற்றிலிருந்து பிடித்த தூசியை இடுகிறேன். பிறகு எத்தனை செல்கள் சாகின்றன, எப்படிச் சாகின்றன என்று எண்ணுகிறேன்.

தூசி படாத தட்டில் செல்கள் ஒன்றோடொன்று விளிம்பு ஒட்டி, இடைவெளியே இல்லாமல் படிந்திருக்கும். தூசி இட்ட தட்டில் சில மணி நேரத்தில் மாற்றம் தெரியும். முதலில் சில செல்கள் விளிம்பை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாகும். அடுத்து அவற்றின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பும். அவை ஒவ்வொன்றாகக் கழன்று திரவத்தில் மிதக்கும். கடைசியில் செல்லே தட்டின் பிடியை விட்டுவிடும். பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இன்றும் அந்தக் கொப்புளங்கள் எழுவதைக் கண்டால் மனம் கனக்கிறது. அவற்றைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலையைச் சொன்னதும் பெரும்பாலோர் கேட்பது, "தூசி நுரையீரலுக்குத்தானே கெடுதல், இதயத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்பதுதான். நியாயமான கேள்வி. மூச்சு போகும் இடம் நுரையீரல். இருமல் வருவதும் அங்கிருந்துதான். ஆனால் உயிரிழப்புக் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் வெளிக்காற்று மாசால் நேர்ந்த அகால மரணங்களில் ஏறத்தாழ 68 சதவீதம் இதயக் குழாய் நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நுரையீரல் புற்றுநோயின் பங்கு 4 சதவீதம். அதாவது, மாசு முதலில் தொடுவது நுரையீரலை; அதிகம் கொல்வது இதயத்தின் வழியாகவும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களின் வழியாகவும். இந்த உண்மை ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது.

தூசி என்கிறேனே, அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பம்பு காற்றை உறிஞ்சி வெள்ளை வடிதாள் ஒன்றின் வழியாக அனுப்பும். வடிதாளை முன்னும் பின்னும் நுண்தராசில் நிறுத்தால், கூடியிருக்கும் எடை பெரும்பாலும் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆனால் வெள்ளையாகப் போன தாள் கருஞ்சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். பிஎம் 2.5 என்று செய்தித்தாள்களில் வருவது இதுதான்: குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள். நம் இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். எனவே இந்தத் துகள்களில் மிகப் பெரியதுகூடச் சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்குதான். 0.1 மைக்ரோமீட்டருக்கும் கீழே உள்ள அதிநுண் துகள்களும் அதே வடிதாளில் இருக்கும். எரிபொருள் புகையின் கரி, அதில் ஒட்டிய கரிமச் சேர்மங்கள், சல்பேட், நைட்ரேட், வண்டிகளின் பிரேக்கிலிருந்து தேய்ந்து வரும் இரும்பு, தாமிரம் என ஒவ்வொரு துகளும் ஒரு கலவை. வடிதாளை மீயொலியால் அதிரவைத்துத் துகள்களைப் பிரித்தெடுத்த பிறகுதான் என் செல்களுக்கு வேலை.

இதயத்தின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நீடித்த நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அது 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். ஆனால் அது கண்ணை மறைக்கும் புகை. கண்ணுக்குத் தெரியாத அளவு மாசும் ஆயுளைக் குறைக்குமா என்ற கேள்விக்கு வலுவான விடை 1993இல்தான் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். புகைப்பழக்கம், வயது, உடல் எடை, தொழில் ஆகியவற்றின் பாதிப்பைக் கழித்த பிறகும், காற்று மிக மோசமாக இருந்த ஸ்டூபன்வில் நகரில் இறப்பு விகிதம், காற்று மிகத் தூய்மையாக இருந்த போர்ட்டேஜ் நகரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்தக் கூடுதல் மரணங்கள் நுரையீரல் புற்றுநோயோடும் இதய, நுரையீரல் நோய்களோடும் தொடர்புடையவை. எதிர்ப்பு கிளம்பியது, தரவுகளை வேறொரு குழு முழுவதுமாக மறு ஆய்வு செய்தது, 2000ஆம் ஆண்டில் முடிவு உறுதியானது. 2007இல் மாதவிடாய் நின்ற 65,893 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் பிஎம் 2.5 கூடும்போது இதய, இரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் 76 சதவீதம் கூடியதாக அதில் தெரிந்தது. 2010இல் அமெரிக்க இதயச் சங்கம், நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் இடையே உள்ளது காரண காரியத் தொடர்பு என்ற நிலைப்பாட்டை வெளியிட்டது.

நுரையீரலில் விழுந்த தூசி இதயத்தை எப்படி எட்டுகிறது? மூன்று வழிகளை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நுரையீரலின் காற்றுப் பைகளில் துகளை விழுங்கிய செல்கள் அழற்சி ஊக்கிகளை இரத்தத்தில் கலக்கவிடுவது ஒன்று. மூச்சுக்குழாயில் உள்ள நரம்பு முனைகள் தூண்டப்பட்டு, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நிர்வகிக்கும் நரம்பு மண்டலத்தின் சமநிலை குலைவது இன்னொன்று. மூன்றாவது வழி, மிக நுண்ணிய துகள்கள் நேரடியாகவே இரத்தத்துக்குள் கடந்துவிடுவது. இந்த மூன்றாவது வழியைப் பலர் நெடுநாள் நம்பவில்லை. 2017இல் எடின்பரோ ஆய்வாளர்கள் அதை நேரடியாகச் சோதித்தார்கள். நலமுள்ள தன்னார்வலர்களைத் தங்க நுண்துகள்களைச் சுவாசிக்க வைத்தார்கள். தங்கம் வேதிவினைகளில் எளிதில் ஈடுபடாதது. உடலில் இயல்பாக இருப்பதும் மிகச் சொற்பம். எனவே எங்கே கண்டாலும் மூச்சில் போனதுதான் என்று சொல்லிவிடலாம். இரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் வந்தது. மூன்று மாதம் கழித்தும் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்தது. கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளவிருந்த நோயாளிகள் சுவாசித்தபோது, வெட்டியெடுத்த அடைப்புப் படிவிலும் தங்கம் இருந்தது. அதாவது ஏற்கெனவே நோய்ப்பட்ட இடத்திலேயே துகள் போய்த் தங்குகிறது. இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் சோதனைகளில் இது ஒன்று.

இனிச் சாவைப் பற்றிப் பேசலாம். செல் சாவது என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். நம் உடலில் ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடிச் செல்கள் ஒழுங்காகச் செத்து, ஒழுங்காக அப்புறப்படுத்தப்படுகின்றன. கருவில் நம் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்ததே இடையில் இருந்த செல்கள் செத்ததால்தான். சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் வளர்ச்சியில் 1,090 உடற்செல்கள் உருவாகி, அவற்றில் சரியாக 131 செல்கள் குறித்த நேரத்தில் சாகின்றன. இந்த ஒழுங்கைக் கண்டறிந்ததற்கு 2002இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இவ்வகைச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் அதைத் தனி வகையாக அடையாளம் காட்டினார்கள். மற்றொரு வகை நெக்ரோசிஸ். குடியிருந்தவர் சாமான்களைக் கட்டி, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவது முதலாவது. வீடு தீப்பிடித்து அக்கம்பக்கத்துக்கும் பரவுவது இரண்டாவது. நெக்ரோசிஸில் செல்லின் சவ்வு கிழிந்து, உள்ளிருப்பது வெளியே கொட்டி, சுற்றியுள்ள திசுவில் அழற்சியைத் தூண்டும்.

தூசி இந்த இரண்டையும் செய்ய வல்லது. துகளில் உள்ள உலோகங்களும் கரிமச் சேர்மங்களும் செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா அதில் முதலில் அடிபடும். அதன் சவ்வு தளர்ந்தால் சைட்டோக்ரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். வழக்கமாக மூச்சு வினையில் பங்கெடுத்து நம்மை உயிரோடு வைத்திருக்கும் அதே புரதம், இடம் மாறிவிட்டால் கேஸ்பேஸ் என்னும் நொதிகளை எழுப்பிச் செல்லைப் பிரித்துப்போடத் தொடங்குகிறது. இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். ஓயாமல் துடிக்கிற உறுப்புக்கு அவ்வளவு ஆற்றல் வேண்டும். வேலையின் பளுவே அதன் பலவீனமாகிறது. 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்ற இன்னொரு சாவு வகைக்குப் பெயர் வைத்தார்கள். இரும்பின் துணையால் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து செல் அழிவது அது. பிரேக் தேய்மானத்தின் இரும்பு நிறைந்த சாலைத் தூசியை ஆராய்பவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததிலிருந்து புதிய வேலை கிடைத்திருக்கிறது.

எந்தச் செல் சாகிறது என்பதும் முக்கியம். குடலின் உட்படலம் சில நாட்களில் புதிதாகிவிடும். இரத்தக் குழாயின் உட்சுவர், மெதுவாகவேனும், தன்னைத் தைத்துக்கொள்ளும். இதயத் தசை அப்படியல்ல. இதை அளந்த விதத்தைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நாடுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. காற்றில் கார்பன் 14 என்னும் கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரு மடங்கானது. 1963இல் வெட்டவெளிச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. செடிகள் அதைக் காற்றிலிருந்து எடுத்தன. உணவின் வழியே அது மனிதர்களிடம் வந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டின் கார்பன் 14 அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிட்டது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் இறந்தவர்களின் இதயத்திலிருந்து தசைச் செல்களின் உட்கருக்களைப் பிரித்தெடுத்து அந்த அளவைப் படித்தார்கள். 2009இல் வெளியான விடை: 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீத இதயத் தசைச் செல்களே புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை. பிறந்தபோது கூட வந்த செல்களில் பெரும்பகுதியைக் கொண்டே கடைசித் துடிப்பு வரை சமாளிக்கிறோம். ஒரு பெரிய மாரடைப்பு சில மணி நேரத்தில் நூறு கோடி வரை தசைச் செல்களைக் கொன்றுவிடக்கூடும். அந்த இடத்தில் தழும்புத் திசு வரும். அது சுருங்கி விரியாது.

மருத்துவமனையில் நெஞ்சுவலிக்கு எடுக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடச் செல் சாவின் அளவீடுதான். ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம். அது இரத்தத்தில் உயர்ந்தால், உள்ளே தசைச் செல்கள் சிதைந்திருக்கின்றன என்று பொருள். என் மாமாவுக்கு அப்படித்தான் உறுதி செய்தார்கள். அவர் பெரிய சாலைச் சந்திப்பொன்றில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தவர். புகைத்ததில்லை, குடித்ததில்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பும் அளவோடுதான். நோய்ச் சுருக்கத் தாளில் இந்த வரிகள் எல்லாவற்றுக்கும் நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. "எல்லாம் சரியாகத்தானே இருந்தேன், பிறகு எப்படியம்மா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு தனி மனிதரின் மாரடைப்பைக் காட்டி, இது இந்தத் தூசியால்தான் என்று எந்த ஆய்வும் சொல்ல முடியாது; பல்லாயிரம் பேரின் கணக்கில்தான் அது தெரியும். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். ஆனால் வேலைக்காலம் முழுவதையும் புகைபோக்கிகளின் நடுவில் நின்று கழித்தவரின் தாளில், அந்தக் காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் செய்யாத தவறுகளின் பட்டியலாக அந்தத் தாள் இருந்தது. அவர் மேல் சுமத்தப்பட்டது அதில் எங்குமே இல்லை.

என் சொந்தத் துறையின் மேல் எனக்குள்ள குறையையும் சொல்லியாக வேண்டும். 'காற்று மாசு இதயச் செல்களைக் கொல்கிறது' என்று தலைப்பிட்டு வரும் செய்திகளில் பல, தட்டில் நடந்த சோதனைகளிலிருந்து வருபவை. தட்டில் எவ்வளவு தூசி இட்டார்கள் என்று பார்த்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது சர்வசாதாரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் மாசுள்ள காற்றில் ஒருவர் நாளுக்கு 12 கன மீட்டர் சுவாசித்தால் உள்ளே போவது 600 மைக்ரோகிராம். அதில் ஒரு பங்கு மூச்சோடு வெளியே வந்துவிடும். ஒரு பங்கு சளியோடு போய்விடும். எதுவும் வெளியேறாமல் அத்தனையும் 5 லிட்டர் இரத்தத்தில் கலந்ததாகவே வைத்துக்கொண்டாலும் மில்லிலிட்டருக்கு 0.12 மைக்ரோகிராம்தான். தட்டில் இடுவது அதைப்போல் எண்ணூறு மடங்கு. அவ்வளவு இட்டால் பல வகைத் தூசிகள் செல்லைக் கொல்லும். இத்தகைய சோதனைகள் பயனற்றவை என்று சொல்லவில்லை. எந்த நொதி எழுகிறது, எந்தப் பாதையை அடைத்தால் செல் பிழைக்கிறது என்பதை அவை காட்டும். ஆனால் மனித உடலில் இது நடக்கிறது என்பதற்கு அவை சாட்சி ஆகா. குறைந்த அளவைப் பல நாள் தொடர்ந்து இடும் சோதனைகளே எனக்கு நம்பிக்கை தருகின்றன. செலவும் பொறுமையும் அதிகம் கேட்பதால் அவற்றைச் செய்பவர்கள் குறைவு.

அப்படியானால் மனித உடலில் சாட்சி உண்டா? உண்டு. 2016இல் சர்குலேஷன் ரிசர்ச் இதழில் வந்த ஆய்வு அது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊர் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்று மூடிக்கொள்ள, கீழே குளிர்ந்த காற்று மாசோடு சேர்ந்து நாள்கணக்கில் தேங்கிவிடும். பிறகு காற்று வீசித் தெளிந்துவிடும். இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்கூடம் அது. அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் இரும்பாலை 1986-87இல் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தபோது சுவாச நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததை ஆர்டன் போப் என்ற ஆய்வாளர் 1989இலேயே காட்டியிருந்தார். அதே போப், லூயிவில் பல்கலைக்கழகத்தின் அருணி பட்நாகரோடு சேர்ந்து, இம்முறை 72 இளைஞர்களின் இரத்தத்தை மாசு கூடிய நாட்களிலும் குறைந்த நாட்களிலும் எடுத்தார். சராசரி வயது 23. யாரும் புகைப்பவர் அல்லர். யாருக்கும் நோய் இல்லை.

மாசு கூடிய நாட்களில் அவர்களுடைய இரத்தத்தில் இரத்தக் குழாய் உட்சுவர்ச் செல்களின் உடைசல்கள் கூடியிருந்தன. நான் தட்டில் பார்க்கிறேனே, எழும்பிக் கழன்று மிதந்து போகும் அந்தக் கொப்புளங்கள், அவைதான். அவர்கள் அவற்றை எண்ணப் பயன்படுத்திய ஆனெக்சின் வி என்ற சாயப் புரதமும் நான் நாள்தோறும் பயன்படுத்துவதுதான். உயிருள்ள செல் தன் சவ்வின் உள்பக்கத்தில் மறைத்து வைத்திருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறு, சாகும் செல்லில் வெளிப்பக்கம் திரும்பிவிடும். ஆனெக்சின் அதைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். செல் சாகாமல் எரிச்சலடைந்து மட்டும் உதிர்க்கும் உடைசல்களுக்கு வேறொரு குறி உண்டு. அந்தக் குறியுள்ளவை கூடவில்லை. எனவே செல்கள் வெறுமனே தூண்டப்படவில்லை, சாகின்றன என்ற பக்கமே சான்று சாய்கிறது. கூடவே, புதிய இரத்தக் குழாய் வளரத் துணைநிற்கும் புரதங்கள் குறைந்தன. அதைத் தடுப்பவையும் அழற்சியைத் தூண்டுபவையும் உயர்ந்தன. சேதமும் நடக்கிறது, சீர்செய்யும் வேலையும் தடைப்படுகிறது.

இந்த ஆய்வுக் கட்டுரையை முதலில் படித்தபோது நெடுநேரம் வேறு எதையும் செய்ய முடியவில்லை. 23 வயது. நலமான உடல். எந்த வலியும் தெரியாது, எந்த மருத்துவரிடமும் போக மாட்டார்கள். ஆனால் உள்ளே குழாயின் உட்சுவர் உதிர்கிறது. இதய நோய் ஐம்பது வயதில் திடீரென வந்துவிடுவதில்லை. அதன் முதல் பக்கங்கள் இப்படித்தான், யாருக்கும் தெரியாமல் எழுதப்படுகின்றன என்று எனக்குத் தோன்றியது. உட்சுவர் பழுதான இடத்தில்தான் கொழுப்பு படியத் தொடங்குகிறது, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டத் தொடங்குகின்றன.

நீண்டகாலச் சேதம் ஒருபுறம் இருக்க, ஒரே மணி நேரத்திலும் மாசு வேலை செய்யும். 2007இல் ஸ்வீடனிலும் ஸ்காட்லாந்திலும் உள்ள ஆய்வாளர்கள், முன்பு மாரடைப்பு வந்து நிலைபெற்றிருந்த 20 ஆண்களை, நீர்த்த டீசல் புகை கலந்த காற்றில் ஒரு மணி நேரம் இடைவிட்டு உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம். நெரிசலான சாலையில் எட்டக்கூடிய அளவு. தூய காற்றில் பயிற்சி செய்தபோது தெரிந்ததைவிட, இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம் ஈசிஜியில் கூடுதலாகத் தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் இயற்கைப் புரதம் சுரப்பதும் குறைந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் அதற்கு முந்தைய நாட்களின் நிகழ்ச்சிகளை விசாரித்தபோது, போக்குவரத்தில் இருந்து வெளிவந்த அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பின் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இதில் சத்தத்துக்கும் மன அழுத்தத்துக்கும் பங்கு உண்டு; எல்லாவற்றையும் புகையின் மேல் ஏற்ற முடியாது.

காற்று தெளிந்தால் உடலும் தேறுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தினார்கள். அந்த வாரங்களில் 125 இளம் மருத்துவர்களின் இரத்தம் உறைதலோடு தொடர்புடைய சில புரதங்கள் குறைந்தன. கட்டுப்பாடு நீங்கியதும் அவற்றில் சில மீண்டும் ஏறின. ப்ரோவோவிலேயே 2010இல் வெளிவந்த முந்தைய ஆய்வொன்றில், மாசு கூடும்போது இரத்தக் குழாயைப் பழுதுபார்க்கும் முன்னோடிச் செல்கள் குறைவதையும் அந்தச் சேதம் மீளக்கூடியது என்பதையும் கண்டார்கள். டப்ளினில் 1990இல் புகை மிகுந்த நிலக்கரி விற்பனையைத் தடை செய்த பின் இதய மரணங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்ததாக 2002இல் சொன்னார்கள். அது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பிற்கால மறு ஆய்வில், அந்த ஆண்டுகளில் நாடெங்கும் இதய மரணங்கள் பொதுவாகவே குறைந்துவந்ததைக் கழித்துப் பார்த்தபோது, இதயத்துக்கான பலன் தெளிவாக நிற்கவில்லை. சுவாச நோய் மரணங்கள் குறைந்தது நின்றது. நல்ல நோக்கத்துக்காக என்றாலும் பழைய எண்ணை மட்டும் சொல்லி இதை மறைப்பது சரியல்ல. காற்றைத் தூய்மையாக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவான சான்றுகள் வேறு நிறைய இருக்கின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரிக்கான வழிகாட்டு அளவை கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. உலக மக்களில் மிகப் பெரும்பான்மையினர் அதற்கு மேற்பட்ட காற்றையே சுவாசிக்கிறார்கள். தனி மனிதர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. இதய நோயாளிகள் 98 பேரை பெய்ஜிங் தெருக்களில் முகக்கவசத்தோடும் அது இல்லாமலும் நடக்க வைத்துப் பார்த்தபோது, கவசம் அணிந்த வேளையில் இரத்த அழுத்தமும் இதயத்தின் திணறலும் குறைந்திருந்தன. முகத்தோடு ஒட்டி அமரும் நல்ல வடிகட்டிக் கவசத்தைச் சொல்கிறேன். துணிக் கவசத்தை அல்ல. மாசு மிகுந்த நாளில் சாலையோர ஓட்டத்தை வேறு நேரத்துக்கோ வேறு இடத்துக்கோ மாற்றுவதும் பயன் தரும். நடப்பதையே நிறுத்திவிட வேண்டாம். உடற்பயிற்சியின் நன்மை பெரிது. ஆனால் நாள் முழுவதும் சந்திப்பில் நிற்பவரிடமும் அடுப்பு முன் நிற்பவரிடமும் இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களைச் சுற்றியுள்ள எரிபொருளும் வண்டியும்தான் மாற வேண்டும். அது அரசுகளின் வேலை.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதயப் பரிசோதனைக்குப் போகும்போது, புகைப்பீர்களா, சர்க்கரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்பார்கள். அதோடு நின்றுவிட்டால், நீங்களே சொல்லுங்கள்: எத்தனை ஆண்டுகள் எந்த மாதிரிச் சாலையின் ஓரத்தில் வேலை, வீட்டுக்கு எவ்வளவு அருகில் நெடுஞ்சாலையோ ஆலையோ இருக்கிறது, சமையல் விறகிலா வாயுவிலா, அடுப்பங்கரையில் புகை போக வழி உண்டா. அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் கொழுப்பும் எல்லைக்கோட்டில் இருந்து, மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவர் யோசிக்கும் வேளையில், அந்த ஒரு வரி அவர் முடிவில் இடம்பெற வேண்டிய தகவல்.